கட்டாத பாலத்துக்கு நன்றி

நந்தவன நகரில் நந்தவனம் எதுவும் கிடையாது. மனை போட்டு விற்ற புண்ணியவான் நோட்டீசில் ஒரு ரோஜாப்பூவை அச்சடித்திருந்தார். பூவுக்கும் நகருக்கும் இருந்த உறவு அத்தோடு சரி. விழுப்புரத்தை விட்டு மேற்கே வந்தால் மெயின் ரோடு, ரோட்டோரம் பாஞ்சாலியின் டீக்கடை, கடைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே நாற்பத்திரண்டு வீடுகள். பாதிக்கு மேல் ரயில்வேக் குடும்பங்கள். வாய்க்காலைத் தாண்ட இரண்டு பனந்துண்டுகளைப் போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் அதுதான் பாலம். ஐப்பசி மழையில் அது எந்த ஊரில் போய் ஒதுங்கும் என்று யாருக்கும் தெரியாது.

நகரின் நலச் சங்கத்துக்குச் செயலாளர் சூசை மேரி. முகையூரில் பிறந்து, கூட்ஸ் வண்டி டிரைவர் செபஸ்தியானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பதவிக்கு வந்த கதை சின்னது. ஒரு கூட்டத்துக்கு மோர் கொண்டுபோனவள், "ஒரு மணி நேரமா பேசிக்கினு இருக்கீங்களே, யாராவது எழுதினீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் தலையிலேயே நோட்டைக் கட்டிவிட்டார்கள். ஆண்களுக்கும் வசதியாகப் போயிற்று. ஒருவன் டியூட்டி முடிந்து வந்தால் இன்னொருவன் டியூட்டிக்குப் போவான். எந்த நேரமும் வீட்டிலிருந்து சண்டை போட ஓர் ஆள் வேண்டுமே.

தலைவர் பெரியசாமி, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்த மனிதர் காகிதத்தை எடுத்தால் கார்பன் தாளும் கூடவே வந்துவிடும். மேலதிகாரிக்கு ஒரு நகல், அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒரு நகல், தன் பெட்டிக்கு ஒரு நகல். மகளுக்குக் கல்யாணம் விசாரித்து எழுதிய கடிதத்தில்கூட அடியில் 'நகல்' என்று போட்டிருந்ததாகச் சொல்வார்கள். சம்பந்தி வீட்டார் பயந்துபோனார்களாம்.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசியில் மேரியின் மாமியார் ஞானம்மாள் சாகக் கிடந்தாள். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்குப் பங்குச் சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார், அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். சாமியார் வந்தார். ஆனால் பனந்துண்டுகள் போய்விட்டிருந்தன, வாய்க்கால் கழுத்தளவு ஓடியது. டீக்கடைப் பக்கம் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் எண்ணெய்ச் சிமிழுமாக நின்றுகொண்டு, அங்கிருந்தே ஜெபத்தைக் கத்திச் சொன்னார். மழை இரைச்சலில் ஒரு வார்த்தைகூட இந்தப் பக்கம் வரவில்லை.

"சாமி வந்துட்டாரா?" என்று ஞானம்மாள் இரண்டு தடவை கேட்டாள்.

"வந்துக்கினே இருக்காரு அத்தே" என்றாள் மேரி.

அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டே மாமியார் கண்ணை மூடினாள். மேரி அன்று அழுத அழுகை, மாமியாருக்காக மட்டும் அழுதது இல்லை. அடக்கம் முடிந்த மறுநாளே சங்கத்து நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்: அடுத்த ஐப்பசிக்குள் பாலம்.

பாலத்துக்கு மனுக் கொடுக்கவேண்டிய ஆபீசின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நமக்கும் நாளைக்கு அங்கே ஒரு காகிதம் நகரவேண்டியிருக்கும். அங்கே ஓவர்சீயர் துரைக்கண்ணு. கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. மனுவை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். மேரி தை மாதத்துக்குள் ஒன்பது மனுக்கள் கொடுத்தாள். பாலத்துக்கு, தெருவிளக்குக்கு, குடிதண்ணீர்க் குழாய்க்கு. ஒன்பதையும் அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

துரைக்கண்ணு தினமும் காலை பத்து மணிக்கு பாஞ்சாலி கடையில்தான் டீ குடிப்பார். கடைச் சுவரில்தான் சங்கத்தின் கரும்பலகை. 'ரேஷன் அரிசி வெள்ளிக்கிழமை', 'காணாமல் போன ஆடு கிடைத்தது' என்று மேரி செய்தி எழுதிவைப்பாள். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து பாஞ்சாலி சும்மா சொன்னாள், "சார் வந்தாத்தான் நம்ம கடைக்கே ஒரு களை." மனிதர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு இன்னொரு டீ சொன்னார். சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மேரி அதைப் பார்த்தாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும். இத்தனை நாளும் பாடிக் கறக்கிற மாட்டுக்கு முன்னால் மனுவை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் பலகையில் இப்படி இருந்தது: 'நம் நகருக்கு நான்கு தெருவிளக்குகள் போட்டுத் தந்த ஓவர்சீயர் திரு. துரைக்கண்ணு அவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி.'

நகரில் நான்கு வெறும் கம்பங்கள் நின்றன, ஒரு விளக்கும் கிடையாது. துரைக்கண்ணு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை படித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவரைக் கும்பிட்டார்கள். லாரி டிரைவர் ஒருவர் "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நாடு உருப்படும் சார்" என்றார். அவர் ஆபீசுக்குப் போகாமல் நேரே மேரி வீட்டுக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? நான் எங்க லைட்டு போட்டேன்?"

"நீங்க போடுவீங்கன்னு தெரியும் சார். அதான் முன்னாடியே நன்றி சொல்லிட்டோம். அழிச்சுடட்டுமா?"

அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "அழிக்க வேணாம். எழுத்து நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசிக்குள் நான்கு கம்பங்களிலும் விளக்கு எரிந்தது. பங்குனியில் குழாய்க்கு நன்றி எழுதினாள்; சித்திரையில் தண்ணீர் வந்தது.

பாலம் பெரிய வேலை. அதற்குப் பலகை போதாது என்று பாராட்டு விழாவே எடுப்பதாகச் சங்கம் முடிவு செய்தது. 'பாலம் அமைத்துத் தந்த பண்பாளருக்குப் பொன்னாடை' என்று ரோஜா நிறத் தாளில் நோட்டீஸ் அச்சானது. துரைக்கண்ணு மகிழ்ச்சியோடு ஒரு கட்டு வாங்கிப்போனார். வேலை தானாக நடக்கும் என்று மேரி கையைத் தட்டிக்கொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பெரியசாமி பழக்க தோஷத்தில் அந்த நோட்டீசுக்கும் நகல் போட்டுவிட்டார். திண்டிவனத்தில் இருந்த மேலாபீசுக்கு, ரிஜிஸ்தர் தபாலில், ஒப்புதல் அட்டையோடு!

ஆனியில் பதில் வந்தது. 'தங்கள் நகருக்குப் பாலம் அமைந்தமை அறிந்து மகிழ்ச்சி. பொதுமக்களே நன்றி தெரிவித்துள்ளபடியால் இது குறித்த கோப்பு முடிக்கப்படுகிறது.' துரைக்கண்ணுவுக்குத் தனியாக ஒரு பாராட்டுக் கடிதமும் போயிருந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.

மேரி ஓடினாள். "சார், பாலம்?"

"அதான் கட்டியாச்சேம்மா" என்று அவர் பின்னால் திரும்பிக் கடிதத்தைக் காட்டினார். "நீங்களே நன்றி சொல்லியிருக்கீங்க. இனிமே நான் போயி, கட்டலன்னு சொன்னா எனக்குத்தான் பேஜாரு. நான் இன்னா பண்றது?"

அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் மாட்டிய கடிதத்தை யார் கழற்றுவார்கள்?

வீட்டுக்கு வந்த மேரி பெரியசாமியைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "ஏண்ணா, ஊரே கண்ண மூடிக்கினு இருந்துது. ஒங்க கை மட்டும் சும்மா இருக்காதா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நகல் போடாம ஒரு காயிதத்த அனுப்பினா எனக்கு ராத்திரி தூக்கம் வராதும்மா மேரி" என்றார் பாவமாக. மேரிக்கு அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை. ஆனால் அன்று கஞ்சி இறங்கவில்லை. அடுத்த மழைக்கு நான்கு மாதம்தான் இருந்தது. தன் வாயாலேயே, தன் எழுத்தாலேயே பாலத்தைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து மருகினாள்.

ஆடி பிறந்ததும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள். மேலாபீசில் விருத்தாசலம் என்று ஒரு கிளார்க், மூக்குப்பொடிக்காரர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு மூன்று தடவை தும்மினார்.

"இருக்கிற பாலத்துக்கு மறுபடியும் பாலம் கேட்டா எப்படிம்மா? புது ஃபைலு, புது சாங்ஷன், ரெண்டு வருஷம் ஆவும். ரிப்பேர்னா சொல்லு. ரிப்பேருக்கு ஓவர்சீயர் கையெழுத்தே போதும், இங்க வரவே வேணாம்."

"ரிப்பேர்னா எவ்ளோ சார் பண்ணலாம்?"

"எவ்ளோ பழுதோ அவ்ளோ" என்று சொல்லிவிட்டு அவர் பொடி டப்பாவைத் திறந்தார்.

பஸ் ஸ்டாண்டில் மேரி ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கினாள். கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தவள் மயிலம் தாண்டும்போது திடீரென்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் துரைக்கண்ணுவின் மேஜைமேல் மனு இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

'ஐயா, தாங்கள் எங்கள் நகருக்கு அமைத்துத் தந்த பாலம் சிறிது பழுதடைந்துள்ளது. அடியில் குழாய்கள் இல்லை. மேலே தளம் இல்லை. இருபுறமும் கைப்பிடிச் சுவர் இல்லை. மற்றபடி பாலம் நன்றாக உள்ளது. மழைக்கு முன் மேற்படி சிறு பழுதுகளைச் சரிசெய்து தருமாறு வேண்டுகிறோம்.'

துரைக்கண்ணு மனுவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "மற்றபடின்னா, மிச்சம் இன்னாம்மா இருக்குது?"

"எடம் இருக்குது சார். வாய்க்காலு இருக்குது. பின்னாடி கண்ணாடியில ஒங்க கடுதாசி இருக்குது."

வாசலில் பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். கையில் கார்பன் பிரதி, ஒட்டிய உறை, தபால் தலைகூட ஒட்டியாயிற்று. மேரி அவர் பக்கம் கையைக் காட்டினாள். "இதுக்கும் திண்டிவனத்துக்கு நகல் போடலாமான்னு அண்ணா கேக்கறாரு. மேலாபீசுல இருந்து பழுத பாக்கறதுக்கு யாராவது நேர்ல வருவாங்களாம். நான்தான், சார ஒரு வார்த்த கேட்டுக்குவோம்னு நிறுத்தி வெச்சிருக்கேன்."

பெரியசாமியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நகலுக்கு ஓர் ஆபீசர் பயப்படுகிறார்! துரைக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தார், கண்ணாடிச் சட்டம் தலையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யம்மா, ஒங்க காலுக்கு ஒரு கும்பிடு. நகல் மட்டும் போடாதீங்க" என்றார்.

ஆபீசுக்குப் பின்னால் ரொம்ப நாளாக இரண்டு சிமெண்ட் குழாய்கள் கிடந்தன. அதில் நாய் குட்டி போட்டிருந்தது. நாயைச் சமாதானப்படுத்திக் குழாயை எடுத்துவந்தார்கள். ஆவணியில் குழாய் இறங்கியது, புரட்டாசியில் தளம் போட்டார்கள். லீவில் இருந்த ரயில்வேக்காரர்கள் எல்லாரும் மண் அள்ளினார்கள். பெண்கள் கேப்பைக் கூழ் கரைத்து ஊற்றினார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். கோப்புக்கு விரோதமாக எழுத முடியாதே, அதனால் அதில் 'பழுதுபார்த்தது – 1986' என்று வெட்டியிருந்தது. கட்டுவதற்கு முன்பே பழுதுபார்த்த பாலம் இந்த ஜில்லாவில் வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் இருக்கும்.

துரைக்கண்ணு பத்து நாள் பலகையைப் பார்த்துப் பார்த்து டீ குடித்தார். பலகையில் ரேஷன் அரிசி இருந்தது, ஆடு இருந்தது, அவர் இல்லை. பொறுக்கமுடியாமல் மேரியிடமே கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, இப்ப நெசமாவே கட்டிட்டேன். இப்ப போயி நன்றி எழுத மாட்டேன்றியே?"

"செஞ்ச வேலைக்கு எதுக்கு சார் நன்றி? அதான் சம்பளம் வருதில்ல" என்றாள் மேரி. அவர் முகம் சுண்டிப்போனது. அவளுக்கே பாவமாக இருந்தது. பாஞ்சாலியிடம் சொல்லி அன்றைய டீயில் சர்க்கரை கூடப் போடச் சொன்னாள்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷமும் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஞானம்மாளின் வருஷ நினைவு நாளன்று வாய்க்கால் கரை தட்டி ஓடியது. வீட்டில் ஜெபம் சொல்ல வருவதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். மேரி பாலத்தின் இந்தப் பக்கம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். டீக்கடைப் பக்கம், போன வருஷம் நின்ற அதே இடத்தில் சாமியார் குடையோடு வந்து நின்றார். ஒரு நிமிஷம் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு பாலத்தின்மேல் நடந்து வந்தார். எண்ணி இருபது காலடி. அடியில் தண்ணீர் இரண்டு குழாயிலும் இரைந்துகொண்டு போனது.

"செருப்புகூட நனையல, பாருங்க" என்றார் அவர்.

மேரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு விசித்து விசித்து அழுதாள். சாமியார் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அழுது முடியும்வரை நின்றார்.

ஜெபம் முடிந்து அவர் திரும்பிப் போனதும், மேரி சாக்பீசை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி டீக்கடைக்குப் போனாள். பலகையை முந்தானையால் சுத்தமாகத் துடைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு டீ குடிக்க வந்த துரைக்கண்ணு அதைப் படித்தார். ஒன்றும் புரியவில்லை. பாஞ்சாலியிடம் கேட்டார். அவள் போன வருஷத்து மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்தவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்று இன்னொரு தடவை படித்தார்.

'அத்தே, சாமி வந்துட்டாரு.'

அந்த வருஷம் அந்தப் பலகையில் மேரி துரைக்கண்ணுவுக்கு எழுதிய நன்றியெல்லாம் நடக்கும் முன்பே எழுதியது. நடந்த பிறகு எழுதியது இது ஒன்றுதான்.