மகாதேவி தேடிப் பிடிச்ச கிடா

மகாதேவி கோவத்தைச் சொல்லி முடிக்க ஒரு நாள் பத்தாது. என் வாயும் லேசுப்பட்டதில்ல, ஆனா அவகிட்ட நான் பிச்சை வாங்கணும். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை ஆகுற செல்லப்பாண்டியோட பொண்டாட்டி அவ. எங்க ஊரு கவுஞ்சியில கொட்டகை போட்டு நடக்குற குடல் செட்டுக்கு அவதான் பொறுப்பு, நான் அவளுக்குக் கீழ வேலை பாக்குறேன். வயசுல நான்தான் மூத்தவ. பொன்னுத்தாயக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டுக்கிட்டேதான் என்னைய வையுவா.

குடல் செட்டுன்னதும் மூக்கைப் பொத்துறவுக கொஞ்சம் கேளுங்க. கொடைக்கானல்ல ரூம் போடுறவுக கறியை அரைச்சு அடைச்ச சாசேஜுன்னு ஒண்ணு திங்கிறாகள்ல, அதுக்கு மேல மெல்லிசா இருக்குற தோலு ஆட்டுக்குடலுதான். ஆடு அறுக்குற கூடத்துல இருந்து வெள்ளனே ஜீப்புல வந்துரும். உள்ள சளியை வழிச்சு, தண்ணி விட்டு ஓட்டை பாத்து, உப்புல பெரட்டிக் கட்டுக் கட்டா டிரம்முல அடைப்போம். இதுல என்ன அசிங்கம்? எங்க செட்டுத் தரை சில பேரு வீட்டு அடுப்படியை விடச் சுத்தமா இருக்கும்.

அதுக்கும் காரணம் அந்த ராங்கிதான். வளையல் கூடாது, பூ கூடாது. கும்பிட்டுட்டு வந்த திருநீறைக்கூட வாசல்லயே தொடைக்கச் சொல்லுவா. "குடல்ல உதிர்ந்தா முருகனா வந்து பதில் சொல்லுவாரு?"ன்னு கேப்பா. ஒரு ஆட்டுக்குடலை இன்னொண்ணோட சேக்க விடமாட்டா, கட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் சீட்டு. நாளைக்கு எவனுக்காச்சும் வயித்துக் கோளாறுன்னா எந்த ஆடு, யாரு வளத்தது, என்ன ஊசி போட்டதுன்னு போயிப் பிடிக்கணுமாம். அறுக்குற கூடத்துல இருக்குற கதிர்வேலை நிதமும் போன் போட்டுப் பிடுங்கி எடுத்துருவா. இவ தொல்லை பொறுக்காம அவன் ஒவ்வொரு ஆட்டுக்கும் நெறம், அடையாளம், வித்தவன் பேருன்னு எழுதி வச்சிருவான்.

போன மாசம் எங்ககிட்ட வாங்குற கம்பெனியில இருந்து ஜெயப்பிரியா மேடம் சோதனைக்கு வந்தாக. டிரம்முக்குள்ள கைய விட்டு ஒரு கட்டை எடுத்து, "இது எந்த ஆடு? வளர்த்தவர் வரைக்கும் போகணும். நடுவுல எங்கயாவது விட்டுப்போச்சுன்னா நாங்க வேற இடத்துல வாங்கிக்குவோம்" அப்படின்னாக. செட்டை மூடுனா மறுபடி காட்டுல குனிஞ்சு பூண்டுக்குக் களை எடுக்கணும். என் இடுப்பு அதுக்கெல்லாம் சரிப்படாது.

மகாதேவி அசரல. சீட்டைப் பாத்தா, கதிர்வேலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சா. அவன் கடகடன்னு வாசிச்சான்.

"கறுப்புச் செம்மறிக் கிடா. வலது காது நுனி வெட்டு. என்னப்பா, நேர்ந்து விட்ட கிடா மாதிரி இருக்கேன்னு கேட்டேன். வேலியில கிழிஞ்சதுன்னாரு. வித்தவரு கவுஞ்சி செல்லப்பாண்டி."

எல்லாரும் மகாதேவியைத் திரும்பிப் பாத்தோம். இந்தச் செட்டு நல்லா நடக்கணும்னு கருப்பசாமிக்கு மகாதேவியே காதை வெட்டி நேர்ந்து விட்ட கிடா அது. செந்நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு செல்லப்பாண்டி தலையில கைய வச்சு உக்காந்திருந்தான். பாவம்னு நான் காப்பி போட்டுக் குடுத்தேன். அந்தக் காப்பியை நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

"வளர்த்தவர்கிட்ட பேசுங்க"ன்னாக மேடம். மகாதேவி மூஞ்சி செவந்து போச்சு. புருசனுக்குப் போன் போட்டா.

"நம்ம கறுப்புக் கிடாவை வித்தீகளா?"

"கிடாவா? அதைத்தான் செந்நாய் கொண்டுபோயிருச்சே."

மேடம் பேனாவை மூடுனாக. "அவர் இல்லைங்கிறாரே. அப்ப உங்க சீட்டை எப்படி நம்புறது?"

வாழ்க்கையில மொத தடவையா மகாதேவி கெஞ்சுறதைப் பாத்தேன். "வித்தேன்னு சொல்லுங்க. எனக்கு உண்மை வேணும், அவ்வளவுதான். கோவிக்க மாட்டேன்."

"நீயா கோவிக்க மாட்ட?" அவனுக்கு நம்பிக்கையே வரல. எங்களுக்கும்தான் வரல. "செந்நாய்தான் புள்ள. என் கண்ணால பாத்தேன்."

மகாதேவி கண்ணை மூடிக்கிட்டா. "கருப்பசாமி மேல சத்தியமா, இந்தக் கிடா விசயத்துல உங்களை ஒரு வார்த்தை வைய மாட்டேன். இத்தனை பொம்பளைக சோறு இதுல கெடக்கு. சொல்லுங்க."

அப்புறம் மெதுவாச் சொன்னான், "வித்தேன். மோட்டார் எரிஞ்சு போச்சு, பூண்டு காய்ஞ்சுச்சு. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு." மேடம் கிடாவுக்கு என்னென்ன ஊசி போட்டீங்கன்னு கேட்டதுக்கும் ஒழுங்கா பதில் சொன்னான். செட்டு தப்பிச்சிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

மேடம் வண்டி மறைஞ்சதும் மகாதேவி என்னைய ஓரமாக் கூப்பிட்டா.

"சத்தியம் பண்ணிட்டேன்க்கா. சாமி காரியத்துல வார்த்தை மீற முடியாது. நீங்க ஒண்ணும் சத்தியம் பண்ணலயே?"

நான் ஏன் பண்ணப்போறேன்? சாயங்காலமே கெளம்பிப் போயி அவ சார்பா செல்லப்பாண்டியை வெளுத்து வாங்கிட்டேன். செந்நாய்ல ஆரம்பிச்சு காப்பி வரைக்கும் வந்தேன். தலையைக் குனிஞ்சே உக்காந்திருந்தான். மறுநாளும் போனேன். பிடிச்ச சோலியாச்சே, விடுவேனா?

மூணாந்தடவை போறப்ப வாசல்லயே வந்து நின்னான். மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு.

"மதினி, நீங்க எவ்வளவு வேணாலும் வைங்க, தாங்கிக்கிறேன். அவ ஒண்ணும் பேச மாட்டேங்குறா. சுடச்சுடச் சோறு போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்து பாக்குறா. சோறு எறங்க மாட்டேங்குது. வேற கிடா வாங்கிக் கருப்பசாமிக்கு விட்டுர்றேன். அந்தச் சத்தியத்தை எப்படி எடுக்குறதுன்னு பூசாரிகிட்ட கேட்டுச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை அவ வாயால என்னைய வையட்டும்."