மாமிக்கு ஊர் காட்டிய நாள்

மட்டக்களப்புக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு எதையெல்லாம் காட்டலாம் என்று இப்போது பலரும் என்னிடம் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, அதுவும் வாயாடி, கேட்காமல் விடுவார்களா? கோட்டை, கல்லடிப் பாலம், மாமாங்கக் கோயில், காத்தான்குடியில் நெய்த சாரம், திரும்பும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். எல்லாம் சரியான பதில்தான். ஆனால் நான் முதன்முதலாக ஒருவருக்கு ஊர் காட்டப் போனபோது இவற்றில் எதையும் உருப்படியாகக் காட்டவில்லை.

அவர் எனக்கு மாமியாராக வர வேண்டியவர். வருவாரா, மாட்டாரா என்பது அந்த ஒரு நாளில் தீர்மானமாக வேண்டியிருந்தது.

யுத்த காலம் அது. பதுளையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்திருந்தார். நானும் அங்கேதான் படிப்பித்தேன். மனம் ஒத்துப்போனது. என் பெற்றோரும் மறுப்புச் சொல்லவில்லை. தடையாக நின்றது எங்கள் ஊர் வழக்கம்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் உழைத்து உழைத்து அப்பா எனக்கென்று கல்லடியில் கட்டிய வீடு தயாராக நின்றது. கணக்கு வாத்தியாரின் அம்மாவோ கணவனை இழந்தவர். ஒரே மகன். மருமகள் வீட்டுக்கு வருவாள் என்று காத்திருந்தவருக்கு, மகனையே சண்டை நடக்கும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

“அம்மா உன்னப் பாக்க வரல்ல. ஊரப் பாக்கத்தான் வர்றாங்க” என்று வாத்தியார் என்னிடம் சொன்னார். அம்மா வேண்டாம் என்றால் அவர் மீற மாட்டார். அது எனக்குத் தெரியும். அந்தக் குணத்துக்காகத்தான் அவரை எனக்குப் பிடித்தது. அந்தக் கிழமை முழுக்க அதே குணத்தை நினைத்துத்தான் எனக்கு எரிச்சலும் வந்தது. நானும் பதுளைக்குப் போக முடியாது. அண்ணன் மத்திய கிழக்குக்குப் போய்விட்டான்; அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்தான் மிச்சம். சரி, ஊரைத்தானே பார்க்க வேண்டும், காட்டிவிடுகிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்தக் காலத்தில் ஊர் சுற்றிப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. எந்தத் தெருவில் நின்றாலும் இராணுவத்தினர் மறித்து எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்பார்கள். பார்க்கப் போகிறேன் என்பது ஒரு காரணமே இல்லை. எதைப் பார்க்க, யாருக்காகப் பார்க்க என்று அடுத்த கேள்வி வரும். அதனால் நான் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலையைத் தேடி வைத்தேன். கோட்டைக்குள்தான் கச்சேரி, மாவட்டத்தின் அரச அலுவலகங்கள் எல்லாம் அங்கே. அதனால் கோட்டைக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி. மாமாங்கத்துக்கு நேர்த்திக்கடன். சந்தைக்குத் தயிர். காலையில் தொடங்கிப் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதாகத் திட்டம். அம்மாவிடம் இறால் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தேன்.

மாமி மெலிந்த, உயரமான மனிதர். கறுப்புக் குடை ஒன்றும் துணிப்பை ஒன்றும் கையில் எந்நேரமும் இருக்கும். புறப்படும்போது வாத்தியாரும் செருப்பை மாட்டினார். அப்பா தடுத்தார்.

“வாலிபப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு போனா வழி நெடுக மறிப்பாங்க. பொம்புளையள் ரெண்டு பேரும் போய்ட்டு வரட்டும்.”

மாமி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். மகனிடம், “நீ இருடா” என்று மட்டும் சொல்லிவிட்டு என்னோடு வந்தார்.

கல்லடிப் பாலத்தின் இந்த முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடக்க வேண்டும். நான் அதையே வசதியாக எடுத்துக்கொண்டேன். நடந்தால்தானே வாவியைப் பார்க்கலாம். காலை வெயிலில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. தோணிக்காரர் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார்.

“மாமி, கீழ பாருங்க. நிலாக் காலத்தில மீன் பாடுற எண்டு சொல்ற இடம் இதுதான்.”

“மீன் பாடுறது இருக்கட்டும் புள்ள. அந்தப் பையன ஏன் நிப்பாட்டி வச்சிருக்காங்க?”

காவலரணுக்குப் பக்கத்தில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அட்டையில வேற ஊர் போட்டிருக்கும் மாமி. விசாரிச்சுப்போட்டு விட்டிருவாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“எம் மகன் அட்டையில பதுளைன்னுதான் போட்டிருக்கு” என்றார் மாமி.

பாலம் முடியும் வரை அவர் காவலரணையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் மட்டும் விடாமல் பேசினேன். வெள்ளைக்காரன் கட்டிய பாலம், ஒல்லாந்தன் திருத்திய கோட்டை, பறங்கியர் தெரு என்று வகுப்பில் கூட அவ்வளவு வரலாறு நான் சொன்னதில்லை. பயத்தில்தான் அப்படிப் பேசினேன். ஒன்றும் ஏறவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கோட்டை மதிலுக்குச் சற்றுத் தூரத்தில், வாவிக் கரையோரம், ஒரு மர நிழலில் மாமி நின்றுவிட்டார். பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “வாங்க மாமி, உள்ளுக்குப் பீரங்கியெல்லாம் இரிக்கு” என்றேன்.

“நான் மதில் பாக்க வரல்ல புள்ள.”

“அப்ப என்னத்தப் பாக்கப் போறீங்க?”

“இந்த ஊர்ல ஆம்பளப் புள்ளைகளப் புடிச்சிட்டுப் போனா, அம்மாமாருங்க எங்க போயி நிப்பாங்க? அந்த எடத்தக் காட்டு.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இதையா காட்டுவார்கள்? அதன் பின்னால் பயமும் வந்தது. காட்டினால் நாளைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரியும். அண்ணனைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன வருடம், அவன் திரும்பி வரும்வரை, பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு நான் போய் நின்ற இடம் அது. இவரிடம் பொய் சொல்லி இவர் மகனை என் வீட்டில் குடிவைக்க எனக்கு விருப்பமில்லை. சான்றிதழைப் பைக்குள் வைத்தேன்.

“வாங்க மாமி” என்றேன்.

இராணுவ முகாம் வாசலுக்கு எதிர்ப்பக்கம், பெண்கள் சிலர் அன்றைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டைக்காக வைத்திருந்த குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வாசலை ஒட்டி நின்றால் துரத்துவார்கள், இந்த வாகை மரத்தடியில் நின்றால் விடுவார்கள். காலையில் வெயில் முகத்தில் அடிக்கும், பகலுக்குப் பிறகுதான் நிழல். பையோடு போனால் கிட்டவும் விட மாட்டார்கள். அந்தத் தேநீர்க்கடையில் வைக்கலாம், கடைக்காரர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். அழுதால் உள்ளே செய்தி போகாது. பெயரையும் பிடித்த இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இங்கே இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள், அதை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

மாமி குறுக்கே குறுக்கே கேட்டார். தமிழ் தெரிந்தவர் எந்த நேரம் வாசலில் இருப்பார்? கிராம அலுவலரான விதானையின் கடிதம் வேண்டுமா? பாலத்தைப் பற்றிச் சொன்னபோது எங்கோ இருந்த அந்த முகம், இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்பெஞ்சுப் பிள்ளைகூட இப்படிக் கவனித்ததில்லை. சட்டத்தரணியின் வீடு, கடிதம் எழுதித் தரும் பாதிரியாரின் கோயில், காணாமல் போனவர்களின் பெயரைப் பதியும் அலுவலகம் என்று எல்லா வாசலுக்கும் கூட்டிப் போனேன். இனிக் காட்ட எதுவும் இல்லை என்று நான் நினைத்தபோது, “பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்” என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் போகிறார். பஸ் நிலையத்தில் மாமி பதுளை பஸ் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றார். குடையை விரித்தார்.

“நீ பின்னாடி வா. வழி சொல்லாத.”

அவர் முன்னே நடந்தார். நான் பின்னே போனேன். ஒரு சந்தியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். என் வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். சரியான பக்கம் திரும்பினார். வாகை மரத்தடிக்கு வந்து, அங்கே நின்ற பெண்களுக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று பார்த்தார். பிறகுதான், “சரி, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

பகல் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அம்மா திரும்பச் சூடாக்கிப் பரிமாறினார். மாமி இறாலை ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, “தையில வச்சுக்கலாங்க” என்றார்.

அப்பாவுக்கே நம்ப முடியவில்லை. “பயமில்லையா தங்கச்சி?” என்று கேட்டார்.

“எங்க ஊர்லயும் புடிக்கத்தான் செய்யிறாங்க. அங்க இவனத் தேடிப் போயி நிக்க நான் ஒருத்திதான். இங்கன்னா ரெண்டு பேரு.”

நான் எழுந்து குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன். அவ்வளவு நேரம் வராத அழுகை அங்கே வந்தது.

கலியாணம் நடந்தது, மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் விடியற்காலை கல்லடியைச் சுற்றி வளைத்தார்கள். கணக்கு வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அட்டையில் பதுளை என்றுதான் இருந்தது. அன்று முழுக்க நான் வாகை மரத்தடியில் நின்றும், இங்கே இல்லை என்றே சொன்னார்கள். மாலையில் தொலைபேசிக் கடையிலிருந்து மாமியின் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குச் செய்தி சொன்னேன். நேரே கல்லடி வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மறுநாள் காலையில் விதானையைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கவே நேரம் போய்விட்டது. பகல் தாண்டித்தான் முகாமுக்கு ஓடினேன். மரத்தடியில் கறுப்புக் குடை தெரிந்தது. கையில் பை இல்லை. அது தேநீர்க்கடையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை.

“வந்துட்டியா” என்றார். “பேரு குடுத்துட்டேன். இல்லைன்னுதான் சொல்றாங்க. நிப்போம்.”

நின்றோம். ஒருவர் பிள்ளையைப் பார்க்கப் போனால் மற்றவர் நின்றார். நாட்கள் போயின. பெயர் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார்கள், பிறகு ஒருநாள் விட்டார்கள். தாடியும் அழுக்குச் சட்டையுமாக அவர் வாசலைத் தாண்டி வந்தபோது மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. தேநீர்க்கடையில் மூவரும் பிளேன்டீ குடித்தோம். ஓட்டோ பிடிக்கலாம் என்று நான் எழுந்தேன்.

“அன்னைக்குக் காட்டுறேன்னு சொன்னியே, அந்தக் கோட்டை” என்றார் மாமி. “இப்பக் காட்டு.”

உள்ளே விட்டார்கள், பீரங்கியையும் பார்த்தோம். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது கோட்டை வாசல்தான். என் கையில் பிறப்புச் சான்றிதழும் இல்லை, வேறு சாக்கும் இல்லை. காவலுக்கு நின்ற பையன் அரைகுறைத் தமிழில் என்ன வேலை என்று கேட்டான். நான் எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஒரு வேலையும் இல்ல தம்பி” என்றார் மாமி, மகனின் கையை விடாமல். “பாக்கத்தான் வந்தோம்.”