டிரைவர் மாமாவுக்குக் கேட்டது

என் மாமனாரைத் தெருவில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருஷமாகியும் அந்தப் பேர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. அவர் ஓட்டிய காலத்துப் பஸ்களில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேலே ஒரு தகர மூடி, சூடு தாங்க அதன்மேல் ஒரு மடித்த சாக்கு. வண்டியை எடுத்ததிலிருந்து பணிமனையில் விடுகிறவரை அந்த இரைச்சல் காதிலேயே குடியிருக்கும். அதையும் மீறிக் கண்டக்டரோடும் முன் சீட்டுக்காரர்களோடும் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டியவர் அவர்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இன்ஜின் தன் வேலையைக் காட்டியது. முதலில் ஒரு காது மந்தமானது, பிறகு மற்றதும் அதன் வழியே போனது. காது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது விசிலடித்தது. யாரோ சமையலறையில் கரண்டி போட்டால் இவர் கூடத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுவார். மெஷின் அலமாரிக்குள் போனது, மாமா தனக்குள் போனார்.

சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் வாயையே பார்ப்பார். நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஆனால் ஒரு நொடி பிந்தி. விருந்தாளிகள் வந்தால் மொட்டை மாடியில் ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொள்வார். என் மனைவி, அவருடைய ஒரே மகள், ஆரம்பத்தில் உரக்கப் பேசிப் பார்த்தாள். கத்திச் சொன்னால் நல்ல செய்திகூடத் திட்டு மாதிரிதான் இருக்கும். முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்கு அது தாங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அவசியத்துக்கு மட்டும் அவரிடம் பேசினோம். அத்தையும், அதாவது என் மாமியாரும், கையாலேயே பாதி விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார்.

போன் ஒன்றும் வாங்கித் தந்திருந்தோம். அதில் அவர் மணி பார்ப்பார், அவ்வளவுதான். எப்போதாவது வேறு எதையாவது தொட்டுப் பார்க்க முயன்றால் என் மனைவி "குடுங்கப்பா" என்று வாங்கி, கண் சிமிட்டுவதற்குள் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவர் ஸ்டியரிங்கைப் பறிகொடுத்தவர் மாதிரி பக்கத்தில் நின்று பார்ப்பார்.

இப்படியிருக்கும்போது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்த அன்று மாமா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் முதல் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன், என் மனைவி அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. நர்ஸ் ஒலிபெருக்கியில் அத்தையின் பேரைச் சொல்லி, கூட வந்தவர் உள்ளே வரலாம் என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். ஒலிபெருக்கி மாமாவின் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் கதவைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மயக்கம் தெளிந்த அத்தை அவர் எங்கே என்று கேட்டபோது, வெளியே யாரும் இல்லை போலிருக்கிறது என்று உள்ளே சொல்லியிருக்கிறார்கள்.

நான் திரும்பி வந்து விஷயம் தெரிந்து, அவர் காதருகே குனிந்து, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அத்தை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில கூப்பிடறதுக்குப் பதிலா மெசேஜ் அனுப்புவாங்களாமே. அதைத் திறந்து படிக்கிற அளவுக்குப் போன் கத்துக்கணும். வீட்டுல வேண்டாம். வீட்டுல எனக்கு யாரும் கத்துக்குடுக்க மாட்டீங்க, நீங்களே செஞ்சு முடிச்சிடுவீங்க."

விசாரித்ததில் எங்கள் பகுதி நூலகத்தில் வயதானவர்களுக்கென்று வகுப்பு நடப்பது தெரிந்தது.

வாசிப்பு அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நீள மேஜை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சார்ஜருக்காக இழுத்த வயர்கள். வகுப்பு எடுத்தவரும் எழுபதைத் தொடுகிறவர்தான். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. நடுவகிடு எடுத்து இழுத்துப் பின்னிய நரைமுடி, தீர்க்கமான குரல். கூட வந்த மகன் மகள்களை எல்லாம் முதலில் வெளியே அனுப்பினார். "வீட்டு ஆளுங்க வெளியில உக்காருங்க. உங்க கை சும்மா இருக்காது" என்றார். அவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டுதான் மேஜையைச் சுற்றி வருவார். யாருடைய போனையும் தொட மாட்டார். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் கட்டைவிரல் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துக் காய்த்துப்போனது. அவர் ஒரு படத்தைத் தொட்டால் அது தொடுவதாக இருக்காது, அழுத்துவதாக இருக்கும். திரையில் எல்லாம் நடுங்கி, இதை நீக்கவா என்று போன் கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிடுவார். முதல் வாரத்திலேயே கடிகாரத்தை நீக்கிவிட்டார். மணி பார்க்கவும் வழியில்லாமல் போய், இந்த வயசுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாராம். ஆபரேட்டர் அம்மா அவர் முகத்துக்கு நேரே வந்து, வாய் தெரிகிற மாதிரி நிதானமாகக் கேட்டாராம்.

"நீங்க பஸ் ஓட்டப் பழகின முதல் நாளே மெயின் ரோட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல. காலி மைதானத்துல ஓட்டினேன்."

"இதுவும் மைதானம்தான். இடிச்சா இங்கயே இடிங்க."

மாமா உட்கார்ந்துவிட்டார். கடிகாரத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் அன்றைய பாடம். அதோடு, விரல் எவ்வளவு நேரம் அழுத்தினால் போன் அதை அழுத்தமென்று எடுத்துக்கொள்ளும் என்பதை மாற்றி வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கவும் மாமா கற்றுக்கொண்டார். அதை அவர் பெரிதாக்கிய அளவில் ஒரு திரைக்கு நாலு வார்த்தைதான் கொள்ளும். பஸ் முகப்பில் ஊர்ப் பலகை வைத்தது மாதிரி இருக்கும். ஆனால் மெசேஜ் வந்தால் திறந்தார், படித்தார், கடைசியில் 'சரி' என்று பதிலும் அனுப்பினார். அந்த முதல் 'சரி' என் போனுக்குத்தான் வந்தது. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அதற்குமேல் அவர் எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஆபரேட்டர் அம்மாதான் வேறு ஒன்றைக் கவனித்திருக்கிறார். காலமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் குரலை அனுப்பி வைத்த ஆள். காது கேட்காதவர் புரியாமலே எப்படித் தலையாட்டுவார் என்று அவருக்குத் தெரியாதா? ஒருநாள் மாமாவின் போனில், அவர் விரலாலேயே, ஒரு செயலியைத் திறக்கச் செய்தார். போனை மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டுப் பேசினார். திரையில் எழுத்து ஓடியது: டிரைவர் சார் நான் பேசறது தெரியுதா.

மாமா திரையைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அதற்குள் அறையின் கோடியில், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் பக்கத்திலிருந்தவரிடம் டீயைப் பற்றி ஏதோ சொல்ல, அதுவும் எழுத்தாக வந்தது: இது டீயா கப் கழுவின தண்ணியா. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எல்லோரோடும் சேர்ந்து, அதே நொடியில். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு என்னவென்று அப்போது புரியவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் பார்த்த முகம்.

வீட்டில் அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பேசுகிறதையெல்லாம் இது எங்கேயாவது எழுதி வைத்துக்கொண்டால் என்ன ஆவது என்று சந்தேகப்பட்டார். மாமா பொறுமையாக, பேசி முடித்ததும் எழுத்தை எப்படி அழிப்பது என்று காட்டினார். போனும் லேசுப்பட்டதல்ல. வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில், மாடிக்குப் போய்த் துணியை எடுங்க என்று அத்தை சொன்னதை அது, 'மாட்டிக்கப் போறீங்க துணிய எடுங்க' என்று எழுதிவிட்டது. யாரிடம் மாட்டப்போகிறோம் என்று மாமா யோசித்துக்கொண்டே நிற்க, துணி முழுக்க நனைந்தது. காது கேட்காதபோதாவது துணி காய்ந்தது என்றார் அத்தை. அதையும் போன் எழுதியது, அதை மட்டும் தப்பில்லாமல்.

பிறகு அத்தையை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போகிற நாள் வந்தது. அன்று வரிசை எண் மாமாவின் போனுக்கே மெசேஜாக வந்தது. எழுந்திருங்க என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். உள்ளே போனதும் டாக்டரின் மேஜைமேல் போனை வைத்தார். டாக்டர் கேள்வியாகப் பார்க்க, மாமா முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"டாக்டர், எனக்குக் காது மந்தம். நீங்க பேசறத இது எழுதிக் காட்டும். கொஞ்சம் நிதானமாச் சொன்னா நானும் புரிஞ்சுக்குவேன்."

இளம் டாக்டர்தான். தாராளமாக என்று சொல்லி, நாற்காலியை இழுத்து அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து எலும்பு நன்றாகக் கூடுகிறது என்றார். பிறகு அத்தையிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

வீட்டில் நாங்கள் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்று கையை ஆட்டுகிற அத்தை, அங்கே டாக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். மேஜைமேல் போன் இருப்பதை மறந்துவிட்டார். மாமாவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் திரையைப் பார்த்தேன். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

வலி இருக்கு டாக்டர். ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. இவர்கிட்ட சொல்லல. சொன்னா கேட்காது. கத்திச் சொல்ல மனசு வரல.

மாமா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப கேட்டுச்சும்மா."

அத்தை திரும்பினார். திரையைப் பார்த்தார். சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டார். டாக்டர் கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி திரும்பிப் படுக்க நான் எப்படி உதவி பண்ணணும்னு சொல்லிக் குடுங்க டாக்டர். நான் பக்கத்துலதான் படுத்திருக்கேன்" என்றார் மாமா.

டாக்டர் எழுந்து வந்து செய்தே காட்டினார். இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைத்து, தோளையும் இடுப்பையும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும் என்றார். போன் அதை 'முட்டைக்கு நடுவில் தலையணை' என்று எழுத, மாமா அதைக் காட்டி, எந்த முட்டை என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலி மாத்திரையையும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார். அந்த வாரமே அத்தைக்கு நல்ல தூக்கம் வந்தது.

அந்த டாக்டர் சொல்லித்தான் மாமா மறுபடி காது மருத்துவரிடம் போனார். புது மெஷின் பழையது மாதிரி விசிலடிப்பதில்லை. சத்தத்தைப் போனிலேயே கூட்டலாம், குறைக்கலாம். அதை அவரே செய்கிறார். மெஷினும் எழுத்தும் சேர்ந்தால் முக்கால்வாசி பிடிபட்டுவிடுகிறது. மீதிக்கு, என்ன சொன்னீங்க என்று கூச்சமில்லாமல் கேட்கிறார். விருந்தாளி வந்தால் மாடிக்கு ஓடுவதில்லை. போனை நடுவில் வைத்துவிட்டு, பஸ் ஓட்டிய கதைகளை எடுத்துவிடுகிறார். என் மனைவியும் மாறிவிட்டாள். அப்பா ஏதாவது சந்தேகம் கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனாலும் சொல்கிறாள்.

ஆபரேட்டர் அம்மாவுக்கு நன்றி சொல்ல அத்தையையும் அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். அத்தை அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்தீங்க என்றார். அந்த அம்மா சங்கடப்பட்டு நெளிந்தார்.

"லைன் போட்டுக் குடுக்கறதோட ஆபரேட்டர் வேலை முடிஞ்சுதும்மா. அப்புறம் பேசினதெல்லாம் நீங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

அப்படி அவர் சொன்னாலும் எங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவர் தன் கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு மனுஷனைத் தட்டுத்தடுமாற விட்டுக் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையும் மாமாவும் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ மாமாவுடைய அக்கா தன்னை என்ன சொன்னாள் என்பதை அத்தை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று போன் அணைந்துவிட்டது. மாமா நிமிர்ந்து, அவ்வளவுதான் என்பதுபோல் கையை விரித்தார்.

அத்தை குனிந்து, அவர் காதருகே போய், கத்தாமல் சொன்னார்.

"சார்ஜ் போட்டுட்டு வாங்க. நான் இன்னும் பாதிகூடச் சொல்லல."