உறை கோக்காத ஒயர்கள்

என் சித்தி மகளைக் கட்டியவரை எங்கள் சொந்தத்தில் ஒயர்க்காரர் என்றுதான் சொல்வோம். மைக் செட் வாடகைக்கு விடும் கடைக்கு, மைக் ஒயர்களை வீட்டிலேயே செய்து கொடுப்பது அவர் பிழைப்பு. கம்பெனி ஒயர் நாலு பேர் மிதித்தால் கரகரக்கும். இவர் செய்தது, மேலே வண்டி ஏறினாலும் வாய் திறக்காது. அந்த வீட்டில் கால் வைத்தால் ஒயர், கை வைத்தால் ஒயர். "அக்கா, தலை சீவுனா சீப்புல முடியோட செம்புக் கம்பியும் வருது" என்று தங்கை ஒருமுறை சொன்னாள். நான்தான் சிரித்தேன். அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

சுருளிலிருந்து ஒயரை வெட்டி, தோலை உரித்து, உள்ளே பின்னலாகச் சுற்றியிருக்கும் கம்பியை முறுக்கி நீட்டுவது அவள் வேலை. அதை வாங்கி, பிளக்கின் மூன்று பின்னிலும் ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவர் வேலை. பேச்சில்லாமலே கைமாறும். சண்டை போட்ட நாளில்கூட அது நிற்காது.

அப்படி இருக்கையில் சித்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை போய்விட்டாள். ஒத்தாசைக்கு நானும் போனேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரருக்குப் பெரிய கூட்டமொன்று அமைந்தது. சாயங்காலத்துக்குள் ஒயர் வந்தாக வேண்டும், பிந்தினால் இனிமேல் கம்பெனி ஒயரே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒயர்க்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

இவரும் சோறு தண்ணி பார்க்காமல் தனியாகவே உட்கார்ந்து அத்தனையையும் பற்றவைத்திருக்கிறார். மீட்டர் வைத்துச் சோதித்திருக்கிறார், எல்லாம் சுத்தம். மூடலாம் என்று கையை நீட்டினால், பிளக்கை மூடும் குழாய் மாதிரியான உறைகள் மொத்தமும் கிண்ணத்தில் கிடக்கின்றன. பற்றவைப்பதற்கு முன்பே உறையை ஒயரில் கோத்துவிட வேண்டும். இரண்டு முனையிலும் பிளக் ஏறிவிட்டால் அது எங்கிருந்தும் நுழையாது.

தங்கைக்குப் போன் வந்தது. சித்திக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தவள், பேச்சு எனக்கும் கேட்கும்படி போனைக் கட்டில்மேல் வைத்தாள்.

"எல்லாம் முடிச்சிட்டேன். உறை மட்டும் இங்க கெடக்கு."

"கோக்கலையா?"

"நீதான கோப்ப."

"இத்தன வருஷமா பக்கத்துலதான உக்காந்து பாத்தீங்க?"

"பாத்தேன்னு சொல்ல முடியாது. நீ குடுக்கறப்பவே அது ஒயர்ல இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும்னு இருந்துட்டேன்."

ஒயர் உறையோடுதான் பிறக்கிறது என்று நினைத்திருக்கிறார் மனிதர். தங்கை திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"எல்லாத்தையும் கழட்டாதீங்க" என்றாள். "ஒரு முனைய மட்டும் கழட்டுங்க. ரெண்டு உறையையும் அது வழியா விட்டு, ஒண்ண அடுத்த கோடி வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க. அந்த உறையோட வாய் அந்தப் பக்கம் பாத்து இருக்கணும். மாத்திப் போட்டீங்கன்னா மறுபடி மொதல்லருந்து."

அப்படியே செய்து, கடைக்காரர் வண்டியில் சாமான் ஏற்றி முடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். கடைக்காரர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், திருப்திதான். அடுத்த வேலைக்கென்று புதுச் சுருளையும் தூக்கி இவர் தோளில் வைத்திருக்கிறார். இவர் அதை இறக்கி வைத்துவிட்டார். வீட்டில் அவள் இல்லை, அவள் வரும்வரை செய்ய முடியாது என்றாராம். அப்படியானால் கம்பெனி ஒயர்தான் என்றாராம் கடைக்காரர். வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதைப் பிறகு என்னிடம் சொன்னபோது, பஸ் கிடைக்கவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அங்கிருந்து நேரே சித்தி வீட்டுக்கு வந்தார். தங்கை சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தாள். காலடிச் சத்தத்தில் விழித்தாள்.

"எடுத்துக்கிட்டாரா?"

"எடுத்துக்கிட்டாரு."

"அடுத்தது குடுத்தாரா?"

"நீ மொதல்ல படு. அத்தைய நான் திருப்பிப் படுக்க வைக்கறேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

"எடது பக்கம். முட்டிக்கு நடுவுல தலகாணி வைக்கணும். மொதல்ல அத வைங்க, அப்பறம் திருப்புங்க."

தலையணையை எடுத்தார். மாப்பிள்ளை கையெல்லாம் ஒரே ஈயப் பொகை நாத்தம் என்று சித்தி முனகினாள். தங்கை அதைக் கேட்டாளா தெரியவில்லை. நான் விரித்துப் போட்ட பாயில், முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல் தூங்கிப்போயிருந்தாள்.