ஒப்பீஸ் கோச்சியில் ஒரு மடி

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? 'கொழும்புக்குப் போனீங்களாமே, கோச்சியில என்ன நடந்த?' என்று ஆளுக்கு ஆள் துளைக்கிறீர்கள். நான் ரயிலில் ஏறினால் உங்களுக்கென்ன, இறங்கினால் உங்களுக்கென்ன? சரி... சொல்லாவிட்டால் நீங்களே ஒரு கதையைக் கட்டி விடுவீர்கள்.

என் மகள் பாணந்துறையில் குடியிருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பெற்றுக் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூத்தவள் நஸ்மியாவுக்கு இரண்டு வயது. உம்மாவைக் கேட்டு அழுகிறாள், சோறு தின்னமாட்டேன் என்கிறாள். அவளைக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டுவது என் பொறுப்பு. காலையில் இருவரும் பாணந்துறையில், வேலைக்குப் போகிறவர்களின் ஒப்பீஸ் கோச்சியில் ஏறினோம்.

நம் கல்முனையில் தண்டவாளம் ஏது? எனக்குப் பழக்கம் பஸ்தான். ஆனால் இந்தக் கோச்சி... அடடா. ஒருவர் நின்றுகொண்டே தூங்குகிறார். தன் ஸ்டேஷன் வந்ததும் தானாகக் கண் திறக்கிறார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள், நிற்பவர்களின் பைகளைக் கேட்காமலே வாங்கி மடியில் அடுக்கிக்கொள்கிறார்கள். யார் பை, எவர் பை என்ற பேச்சே இல்லை.

மூலையில் பச்சைச் சாரி கட்டிய ஒரு சிங்கள நோனா. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன். நம் பஸ்ஸிலும் கொடுப்பதுதானே? இறங்கும்போது "பொறு மகன், புள்ளைய வாங்கணும்" என்றால் கொண்டக்டர் பொறுப்பான். செருப்பைத் தேடி எடுக்கும்வரைக்கும் பொறுப்பான்.

கோச்சி பொறுக்குமா? நான் காற்றுக்காக வாசலில் நின்றேன். கொம்பனித்தெரு ஸ்டேஷனில் பாதிப் பெட்டி இறங்கியது - என்னையும் சேர்த்து இறக்கியது. திரும்பிப் பார்க்கிறேன், கோச்சி நகர்கிறது. ஜன்னலில் நஸ்மியா. யாரோ கொடுத்த வடையைக் கடித்தபடி எனக்குக் கையசைக்கிறாள்.

பக்கத்தில் இறங்கிய ஒரு பொடியன் நின்று பார்த்தான்.

"என்ன உம்மா?"

"என்ட புள்ள போகுது மகன். கோச்சில போகுது."

"யார்ட கைல?"

"பச்சைச் சாரி. மூலைல இருந்த நோனா."

அவன் சிரித்தான். கன்னத்தில் ஒன்று கொடுக்கலாம் போலிருந்தது.

"பயப்படவாணாம் உம்மா. அவங்க டெய்லி அந்த மூலைலதான் இரிக்கிய. என்ட பேக்கும் அவங்கட மடிலதான் வார. அடுத்த ஸ்டேஷன் கோட்டைல எறங்கி நிப்பாங்க."

"அவட பேரென்ன?"

"பேர் தெரியா."

தினமும் பையைக் கொடுக்கிறானாம், பேர் தெரியாதாம். இவனை நம்புவதா? நம்பாமல் வேறென்ன செய்வது?

அடுத்த கோச்சியில் என்னோடு அவனும் ஏறினான்.

"பிந்திப் போனா ஒப்பீஸுல ஏசமாட்டாங்களா மகன்?"

"ஏசுவாங்க" என்றான். அவ்வளவுதான்.

கோட்டை ஸ்டேஷனில் யாரும் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். கொஞ்சம் பிந்தினாலும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்களாம். அந்த ஓட்டத்துக்கு நடுவே, ஒரு தூணடியில் நாலைந்து பெண்கள் அசையாமல் நின்றார்கள். எல்லாரும் நம் பெட்டிக்காரிகள். பச்சைச் சாரியின் இடுப்பில் நஸ்மியா. ஒருத்தி கையில் அவள் செருப்பு. இன்னொருத்தி லேஞ்சியால் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அந்த நோனா சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம் மகன்?"

"இனி வந்தா வாசல்ல நிக்காம உள்ளுக்கு வரட்டாம்."

பிறகு எல்லாரும் ஓடினார்கள், சிவப்புக் கோட்டை வாங்கிக்கொள்ள. நஸ்மியா என்னிடம் வரமாட்டேன் என்று அந்த நோனா போன பக்கம் கையை நீட்டி அழுதாள்.

கோச்சி ஒருவருக்காகவும் நிற்காது. அதில் வருகிறவர்கள் நிற்கிறார்கள்... அது போதாதா?

ஆஸ்பத்திரியில் உம்மாவின் கையால் பிள்ளை வயிறு நிறையத் தின்றாள். மகளிடம் நான் மூச்சு விடவில்லை. பேப்பரில் வரும் இந்தப் பத்தியை நீங்களும் அவளுக்குக் காட்டிவிடாதீர்கள்.

ஊருக்கு, கல்முனைக்குடிக்குத் திரும்பியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "கோச்சி எப்பிடிகா ராத்தா?"

"என்னத்தச் சொல்ற? ரெண்டு வயசுல என்ட பேத்தி கோட்டைக்குத் தனியப் போய் எறங்கினவள்கா. வரவேற்க கவுமெந்து உத்தியோகத்துப் பொம்புளையள் வரிசையா நிண்டாளுகள். ஒங்கட ஊட்டுல ஆருக்கும் அப்பிடி நிண்டாளுகளா?"