அத்தையின் பங்குக்கு மாமா போட்ட விலை

என் தாய்மாமனைக் கூப்பிட்டு அனுப்பியது என் அம்மாதான். அதற்காக அவள் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்ட மாதிரி வேறு யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

மாமாவுக்கு நரிக்குடிப் பக்கம் ஆட்டுத் தரகு. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், அடுத்தவர் வீட்டில் இரண்டாவது தடவை குழம்பு கேட்க மாட்டார். அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. யாராவது எதற்காவது ஒரு விலையைச் சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அந்த விலை எப்படி வந்தது என்று தோண்டுவார். நாம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் தோண்டுவார்.

அன்றைக்கு விலை பேசவேண்டியது ஆடும் இல்லை, மாடும் இல்லை. என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அருப்புக்கோட்டையில் இருந்தாள். அவள் புருஷன் பருத்தி வியாபாரம் செய்தவர். நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரு ஜின்னிங் மில் கம்பெனி ஆரம்பித்தார். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கித் தரும் மில். அவர் இறந்தபின் அவருடைய பங்கு அத்தை பேருக்கு வந்தது. மில்லில் லாபத்தைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இல்லை. வருஷா வருஷம் கணக்கு முடித்துப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கொழுந்தன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த அத்தைக்கு அது ஒன்றுதான் வரும்படி. இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பங்கைத் தம்பியிடமே விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

டவுனில் அந்தப் பங்குகள் கைமாறுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. போன வருஷம் எவ்வளவு வந்ததோ அதைப்போலப் பத்து மடங்கு. போன வருஷம் மழை பொய்த்து, பருத்தி வராமல், மில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அத்தைக்கு வந்தது நூற்றைம்பது ரூபாய். ஆகவே விலை ஆயிரத்து ஐந்நூறு. அத்தையே வாய்விட்டுச் சொன்ன விலை.

அப்பாவிடம் ஐயாயிரம் இருந்தது. எங்கள் புஞ்சையில் ஒரு துண்டை ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு சர்க்கார் கொடுத்த பணம். அதில் ஆயிரத்து ஐந்நூறு அக்காவுக்கு. மீதி எனக்கு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். நான் அப்போதுதான் ஐந்து முடித்திருந்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்டலில் விட்டு என்னைப் படிக்க வைப்பது என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியத்தில், பெரிய மனுஷர் ஒருவர் முன்னால் பணம் கைமாறினால் நன்றாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. அவளுக்குத் தெரிந்த பெரிய மனுஷர் அவள் அண்ணன் ஒருவர்தான்.

காலை பஸ்ஸில் அத்தை வந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமாவும் வந்தார். சாப்பிட்டார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, என்ன விலை என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"என்ன மாப்ள, அடிமாட்டு வெலை சொல்றீக?"

"நானா சொன்னேன்? டவுனுல எல்லாரும் அப்படித்தான் மச்சான் வாங்குறாக. போன வருசம் வந்ததுல பத்து மடங்கு."

"போன வருசம்தான் மழையே இல்லையே. ஒரு ஆடு ஒரு வருசம் குட்டி போடலைன்னா மலடுன்னு தள்ளிவிட்ருவீகளா? அதுக்கு முந்தி எத்தனை போட்டுச்சுன்னு கேக்க மாட்டீக?"

"அது ஆடு. இது மில்லு."

"மில்லும் மழையத்தான மாப்ள மேயுது."

அப்பா வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். கோபம் வந்தால் அப்படித்தான். மாமா விடவில்லை. கீழப்புஞ்சையை வாங்கும்போது பத்து வருஷத்து வெள்ளாமையைக் கேட்டுவிட்டுத்தானே வாங்கினீர்கள், மழை பெய்த ஒரு வருஷத்தை மட்டும் காட்டி நிலத்துக்காரன் விலை சொன்னபோது அடிக்கப் போனீர்களே என்றார். அது உண்மை. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தை ஒரு வருஷ விளைச்சலைப் பார்த்து வாங்குகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். அதே ஆட்கள்தான் மில் பங்கு என்றதும் போன வருஷத்தோடு நின்றுகொண்டார்கள். அப்பா இன்னும் இரண்டு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினார்.

பத்து வருஷத்துக் கணக்கைக் கூட்டி வகுக்க ஆள் வேண்டும். வீட்டில் நீள வகுத்தல் தெரிந்தது நான் ஒருவன்தான். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சாக்பீஸோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

அத்தைக்கு ஒவ்வொரு வருஷத்துத் தொகையும் நினைவில் இருந்தது. மகள் சமைந்த வருஷம் இவ்வளவு, ஓடு மாற்றின வருஷம் இவ்வளவு, புருஷன் படுக்கையில் விழுந்த வருஷம் இவ்வளவு என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நடுவில், "எதுக்கு இதெல்லாம், விடுங்களேன்" என்றாள். மாமா, "சொல்லுங்க மதினி" என்றார். கூட்டினேன். மூவாயிரம் வந்தது. பத்தால் வகுத்தால் வருஷத்துக்கு முந்நூறு. அதைப்போலப் பத்து மடங்கு மூவாயிரம்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "சரி, மூவாயிரமாவே இருக்கட்டும். கூடப் பொறந்தவதான" என்றார் அப்பா.

வேறு எந்த மனிதராக இருந்தாலும் அத்தோடு எழுந்து போயிருப்பார். மாமா கால் மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

"இருங்க மாப்ள, இன்னும் முடியல. பத்து வருசத்துக்கு முந்தி இருந்த ரூபாயும் இன்னைக்கு இருக்கிற ரூபாயும் ஒண்ணா? அன்னைக்கு முந்நூறு ரூபாய்க்கு எத்தனை ஆடு வாங்கலாம், இன்னைக்கு எத்தனை வாங்கலாம்? ஒவ்வொரு வருசத்துக் காசையும் ஆடா மாத்தித்தான் கூட்டணும்."

அதுவரை வாயைத் திறக்காத அம்மா அப்போது திறந்தாள். அவளுக்குத் தப்பான விலையைக் காதால் கேட்க முடியாது. அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் அதே வியாதி.

"கூறுகெட்ட கணக்கா இருக்கே. மழை இல்லாத வருசம் எல்லாரும் ஆட்ட வித்தாக, ஆடு சல்லிசாப் போச்சு. ஆட்ட வச்சுப் பாத்தா பஞ்ச வருசம்தான் செழிப்பா இருந்த மாதிரி வரும்."

"அப்ப எத வச்சுப் பாக்கச் சொல்ற?"

"அரிசிய வச்சுப் பாருங்க. அது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து லாரியில வருது. நம்ம ஊரு மழைக்கும் அதுக்கும் என்ன?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் மாமா தொடையில் தட்டி, "என் தங்கச்சி தங்கச்சிதான்" என்றுவிட்டார். இனி ஒவ்வொரு வருஷமும் அரிசி மூட்டை என்ன விலை என்று சொல்லவேண்டியதும் அவள்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறந்துவிட்டது என்றிருக்கலாம். அத்தை ஒரு வருஷத்து மூட்டை விலையை நூற்று எண்பது என்று சொன்னபோது, "இல்ல மதினி, நூத்தி எழுவதுதான்" என்று திருத்தினாள். பழைய விலை குறைந்தால் மூட்டைக் கணக்கு கூடும், திருத்தத் திருத்த நம் கையிலிருந்துதான் போகிறது என்று தெரிந்தே திருத்தினாள். அப்பா அவளை முறைத்த முறைப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் வகுத்துக்கொண்டே போனேன். பத்து வருஷத்துக்கு முன்னால் மூட்டை நூற்றைம்பது, அத்தைக்கு வந்தது முந்நூறு, ஆக இரண்டு மூட்டை. போன வருஷம் மூட்டை முந்நூறு, வந்தது நூற்றைம்பது, ஆக அரை மூட்டை. எல்லாம் கூட்டினால் பதினைந்து மூட்டை. சராசரி வருஷத்துக்கு ஒன்றரை. மூட்டை முந்நூறு என்ற இன்றைய விலைக்கு நானூற்றைம்பது ரூபாய். அதைப்போலப் பத்து மடங்கு.

"நாலாயிரத்து ஐந்நூறு!" என்றேன். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவன் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த ஒரு தடவைதான் சத்தமாகச் சொன்னேன். விடை சரியாக வந்த பெருமை.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "நீங்க யாரு பக்கம் மச்சான்? ஒங்க தங்கச்சி குடும்பத்துக்கு வந்து பேசுறீகளா, எங்கக்காவுக்கு வந்து பேசுறீகளா?"

"நான் யாரு பக்கமும் இல்ல. வெலை அதுதான்."

"ஆடு விக்கிற எடத்துல இப்படிப் பேசுனா ஒரு ஆடு விக்குமா ஒங்களுக்கு?"

"விக்காதுதான்" என்று மாமா ஒத்துக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரியும் தெரியவில்லை.

அத்தை நடுவில் வந்து, தனக்கு ஆயிரத்து ஐந்நூறே போதும், அதற்குத்தான் வந்தேன், மிச்சத்துக்குக் கழுத்தில் கிடப்பதை விற்றுச் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள். அப்பா அவள் மேலும் எரிந்து விழுந்தார்.

"காலையிலயே வாங்கிட்டுப் போயிருக்கணும்க்கா. அப்பக் குடுத்திருந்தா அது வெலை. இப்பத் தெரிஞ்சுக்கிட்டு அதையே குடுத்தா களவு."

நாலாயிரத்து ஐந்நூறை எண்ணி அத்தை மடியில் வைத்தார். ஐயாயிரத்தில் எனக்கென்று மிஞ்சியது ஐந்நூறு. அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

என் தங்கை மகன் மதுரையில் வேலை பார்க்கிறான். போன மாதம் நான் வேலை பார்க்கும் புண்ணாக்குக் கடைக்கு வந்தவன், செல்போனைக் காட்டி, ஒரு கம்பெனியின் பங்கை ஒரு வருஷ லாபத்தை வைத்து எடை போடக் கூடாது, பத்து வருஷ லாபத்தை விலைவாசிக்குத் தக்கபடி சரிக்கட்டிச் சராசரி பார்க்கவேண்டும் என்று எனக்கு விளக்கினான். பெரிய பெரிய படிப்பாளிகள் கண்டுபிடித்த முறையாம். நான் புண்ணாக்கு மூட்டையைத் தைத்துக்கொண்டே தலையாட்டினேன். சாப்பிட்ட கையின் ஈரம் காயுமுன்னே அந்தக் கணக்கை ஆரம்பித்துவிட்ட ஒரு மனிதரால் நான் பட்டதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஊசியில் நூலைக் கோத்து அடுத்த மூட்டையை இழுத்தேன்.

அந்த முறை சரிதான். அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்று மட்டும் அதற்குத் தெரியாது. அடுத்த வருஷமும் மழை இல்லை. அதற்கடுத்த வருஷமும் மில் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. அம்மா ஒவ்வொரு சித்திரையிலும் வந்த காசை எண்ணிவிட்டு, அண்ணன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். பிறகு மழை பெய்தது. பங்கும் கொடுத்தது, சில வருஷங்களில் அள்ளிக் கொடுத்தது. அப்போது நான் ஆடு மேய்த்து முடித்து, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்து வருஷம் முடிந்ததும் மாமா வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் அரிசியாக மாற்றிக் கூட்டச் சொன்னார். ஏறக்குறைய அதே ஒன்றரை மூட்டை வந்தது. "பாத்தீகளா மாப்ள" என்றார். தப்பாகப் போயிருந்தால் ஒருவேளை அவரை மன்னித்திருப்பேன்.

அந்த நாளின் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்படி அப்பா என்னை அனுப்பினார். ரோட்டடிக்கு வந்து நின்ற பிறகு அத்தை கேட்டாள்.

"அந்தக் கணக்கெல்லாம் நீயாவா போட்ட மருமகனே?"

"ஆமா அத்தை. நானாத்தான் போட்டேன்."

"அடுத்து ஆறாங்கிளாஸா?"

"ஆமா அத்தை. டவுனுல. ஒங்க வீட்டுப் பக்கத்துலதான் ஆஸ்டலு."

அத்தை என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் வயிறு குலுங்குவதை வைத்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. கல்யாணத்துக்குப் பணம் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. படியில் ஏறியவள் திரும்ப இறங்கி, மடியில் இருந்த பணத்தில் கை வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தாள். "ஏறும்மா, ஏறுறியா இல்லையா?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். ஏறிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தபோது ஜன்னலோரம் கூடவே ஓடினேன். "ஸ்கூலு தொறந்ததும் வாரேன் அத்தை" என்று கத்தினேன். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.