மதிய வகுப்பில் மீனாட்சி அக்கா

தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸ் எஜுகேட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். இன்சுலின் போடுவது, குளுக்கோமீட்டரில் பார்ப்பது, எதை எவ்வளவு சாப்பிடுவது என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. கடைசிச் சில வருடங்கள் அதை வீடியோ காலில் செய்தேன்.

யோசனை எங்கள் டாக்டர் மேடத்துடையது. அவர் பஞ்சாபி. தமிழ்க்காரர்கள் இந்தியில் காய்கறி வாங்கிவிடுகிறார்கள், உடம்புக்கு என்ன செய்கிறது என்று மட்டும் இந்தியில் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள் என்று அவர்தான் கவனித்தார். எங்கள் டயட் சார்ட்டிலும் ரொட்டி, ராஜ்மாதான், இட்லி கிடையாது. தமிழில் ஒரு ஆன்லைன் வகுப்பு நடத்தச் சொன்னார். நான் தயங்கினேன். ஊசி பிடிக்கும் கையைத் தொட்டுத் திருத்தியே பழகியவள். போன் திரையில் என்ன தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மதியங்களில் வகுப்பு. கிட்வாய் நகர் அரசு ஊழியர் காலனியிலிருந்து மீனாட்சி அக்கா தவறாமல் வருவார். திருநெல்வேலிக்காரர். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. பகலில் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். அதே காலனியில் மகன் வீட்டில் இருந்த முருகேசன் ஐயாவும் சேர்ந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். கேமராவைப் போடமாட்டார், பேசவும் மாட்டார். கேட்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை, பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மீனாட்சி அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டேன். சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். நாக்கு குழறியது. நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, இன்சுலின் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"சாப்பிட்டீங்களா?"

அதற்கும் வேறு ஏதோ உளறினார். சாப்பிடாமல் இன்சுலின் போட்டதால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. அடுக்களைக்குப் போய்ச் சர்க்கரை எடுங்கள் என்று சொல்லவும் பயம், விழுந்துவிட்டால்? கணவரை அழைத்தேன், எடுக்கவில்லை. அப்போது திரையில் கறுப்பாகக் கிடந்த ஒரு கட்டத்திலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டர், நான் அடுத்த பிளாக்குதான். வீட்டு நம்பர் சொல்லுங்க."

முருகேசன் ஐயா. நம்பரைச் சொன்னேன். போனை அணைக்காமலே நடந்தார். அவர் மூச்சிரைப்பதும், படிக்கட்டுச் சத்தமும், கதவைத் தட்டுவதும் எங்கள் எல்லோருக்கும் கேட்டன. கதவு உள்ளே தாழிடவில்லை, வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டுதான். எதிர்வீட்டு அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது. இந்தியில் அவசரமாக ஏதோ சொல்லி வாங்கினார். சற்று நேரத்தில் மீனாட்சி அக்காவின் திரையில் இருவரும் தெரிந்தார்கள்.

விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். முடிந்தது. எதிர்வீட்டு அம்மா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு வாய் வாயாகக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து ஐயா மீட்டரில் பார்த்து எண்ணைச் சொன்னார். ஏறியிருந்தது. அதுவரை வகுப்பில் யாரும் போனை வைக்கவில்லை.

தெளிந்தபிறகு, ஏன் சாப்பிடாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"பாடம் நடக்கும்போது எல்லார் முன்னாடியும் எப்படிம்மா சாப்பிடுறது? முடியட்டும்னு இருந்தேன். மரியாதையில்லாம இருக்கும்லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து நான் கேட்டிருந்தால், மரியாதைக்காகப் பட்டினி இருந்ததை என்னிடம் சொல்லியிருக்கமாட்டார். ஐயாவுக்கு நன்றி சொன்னேன். அவரோ, நீங்கள் முன்பொரு வகுப்பில் சொன்னதைத்தான் செய்தேன், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். அத்தனை வகுப்பையும் கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரமே வகுப்பைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து மாற்றினேன். யார் எந்தக் காலனி, பக்கத்தில் யார் என்று குரூப்பில் எல்லோரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தேன். தெற்கு தில்லி முனிர்காவில் தனி அறையில் தங்கிப் படித்த ஒரு மாணவிக்கு அப்படித்தான் கீழ்த்தளத்திலேயே ஒரு துணை கிடைத்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போன் வழியாக எவ்வளவு தூரத்திலிருந்தும் சொல்லிக்கொடுக்கலாம், நன்றாகவே நடக்கும். ஆனால் ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.